இரண்டு வீடு, இனிமேல் பிறக்கப்போகும் ஒரு குழந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசத் தொடங்கிய அதே மாதத்தில்தான் வீடும் பார்க்கத் தொடங்கினோம். பத்துப் பதினைந்து வீடு ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று சின்னது: ஒரு படுக்கையறை, அதை ஒட்டி அறை என்று சொல்லவும் முடியாத ஒரு சிறு இடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இருவர் அலுவலகத்துக்கும் இருபது நிமிடம். இன்னொன்று பெரியது: மூன்று படுக்கையறை, தரைத்தளம், பின்னால் கொஞ்சம் மண், அலுவலகத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். விலை ஏறக்குறைய ஒன்றேதான். அதற்கப்புறம் இதே முச்சந்தியில் வந்து நிற்கிற நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

குழந்தையே இன்னும் இல்லை. அதற்குள் அதை வைத்து வீட்டை முடிவு செய்யலாமா?

யோசிக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முயற்சி செய்யும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு அதற்கு மேலும் ஆகிறது. பொதுவாக 12 மாதம் ஆன பிறகுதான் மருத்துவர்கள் அதை ஒரு சிக்கலாகவே எடுத்துக்கொண்டு பரிசோதனை தொடங்குவார்கள்; பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே. நீங்கள் எந்தப் பக்கம் இருக்கப்போகிறீர்கள் என்று வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாளில் தெரியாது.

என் தோழி ஒருத்தி பெரிய வீடாகப் பார்த்து வாங்கினாள். ஒரு அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் யானை ஒன்றையும் ஒட்டி வைத்தார்கள். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. நான் போயிருந்தபோது அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுக்க உள்ளே போனவள் விளக்கைப் போடாமலே எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் பிடித்த வேறு எதுவும் இல்லை என்பதுதான் பெரிய கஷ்டம். இருவர் மட்டும் இருந்தாலும் நன்றாக வாழ முடிகிற வீடா என்பதை முதலில் பாருங்கள். அதில் தேறாத வீடு மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் எனக்குச் சம்மதமில்லை.

குழந்தைக்குத் தனி அறை எப்போதிலிருந்து வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட ரொம்பத் தாமதமாக. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை, பிறந்ததிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது குழந்தை பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது. தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணத்தைத் தவிர்க்கத்தான் அது. ஆக முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு வேண்டியது, கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் போட ஓர் இடம். நடைமுறையில் இரண்டு மூன்று வயதுவரைகூட பலர் அப்படியே ஓட்டிவிடுகிறார்கள்.

கூடுதல் அறை உண்மையில் தேவைப்படுவது பெரியவர்களுக்கு. இரவு முழுக்க விழித்தவர் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை கதவைச் சாத்திக்கொண்டு தூங்க. உதவிக்கு வரும் அம்மாவோ மாமியாரோ படுக்க. அந்தக் கணக்கில் கேட்டால் இரண்டாவது அறைக்கு நான் நிறைய மதிப்பெண் தருவேன். மூன்றாவது அறைக்கு அவ்வளவாக இல்லை.

பெரிய வீடு தள்ளி இருக்கிறது, சின்ன வீடு பக்கத்தில். எதை எடுப்பது?

எல்லோரும் கேட்பது இதுதான், நானும் ஒரு மாதம் இதிலேயே உழன்றேன். எங்கள் கணக்கை அப்படியே சொல்கிறேன். இருபது நிமிடத்துக்கும் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கும் வித்தியாசம் 45 நிமிடம். போக வர 90 நிமிடம். மாதம் 22 வேலை நாள் என்றால் 33 மணி நேரம். அது ஓர் ஆளுக்கு. இருவரும் வேலைக்குப் போனால் 66. அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது என் கணவர், “இது ஒரு வார வேலைக்கு மேல் ஆச்சே” என்றார். ஒன்றரை வாரத்துக்கும் மேல்.

பயணத்துக்கு நாம் பழகிக்கொள்வோம் என்று எல்லோரும் நினைக்கிறோம். புரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல வருடமாகச் சேர்த்த தகவல்களை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மலிவான, பெரிய வீடோ நல்ல சம்பளமோ அந்தத் தூரத்தை ஈடுகட்ட வேண்டும் அல்லவா? ஈடுகட்டவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. கூடுதல் அறை முதல் மாதம் சந்தோஷம் தருகிறது, அப்புறம் அது வெறும் அறை. நெரிசலோ தினமும் புதிதாக எரிச்சல் தருகிறது.

இதோடு குழந்தையைச் சேர்த்துப் பாருங்கள். கைக்குழந்தைகள் பலவும் இரவு ஏழு, எட்டு மணிக்குத் தூங்கிவிடும். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு ஏழு ஐந்துக்கு வீடு வந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கண் சொக்கிய குழந்தையைத்தான். ஆறு இருபதுக்கு வந்தால் குளிப்பாட்டலாம், விளையாடலாம். அப்புறம் காப்பகத்திலிருந்து பகல் பதினொரு மணிக்கு வரும் அந்தப் போன்: “காய்ச்சல் அடிக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.” முதல் வருடத்தில் அது எத்தனை முறை வரும் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

விதிவிலக்குகள் உண்டு. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்றால் இந்தக் கணக்கு தலைகீழ். அப்போது கதவுள்ள ஓர் அறை தங்கம். தள்ளியிருக்கும் வீடு உங்கள் பெற்றோர் வீட்டுக்கு நடக்கும் தூரம் என்றாலும் தலைகீழ்தான். நடுராத்திரி கூப்பிட்டால் வரக்கூடிய ஓர் ஆள் பத்து நிமிடத் தொலைவில் இருப்பதற்கு இணையான வசதியை எந்தக் கட்டடக்காரரும் கட்டித் தர முடியாது. ஆனால் அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்களால் எவ்வளவு முடியும் என்பது பற்றி அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும், அது உங்கள் கணக்காகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. பயண நேரத்தை ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகும்போது அளக்காதீர்கள். தரகர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போவதற்குக் காரணம் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் வழக்கமாகக் கிளம்பும் நேரத்தில், அந்த வீட்டு வாசலில் நின்று கிளம்புங்கள். சாயங்காலம் அங்கேயே திரும்புங்கள்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சமாளிக்க முடியுமா?

முடியும், நாங்கள் சமாளித்தோம். சுலபம் என்று சொல்ல மாட்டேன். சிசேரியன் ஆனவர்கள் முதல் சில வாரங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். ஒரு வயதுக் குழந்தை சராசரியாக ஒன்பது, ஒன்பதரை கிலோ. வாங்கும் முன் ஒரு பையில் பத்துக் கிலோவை அடைத்துக்கொண்டு, இன்னொரு கையில் இரண்டு பையோடு, நிற்காமல் மேலே ஏறிப் பாருங்கள். அப்படியே இறங்கி, எதையோ மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு மறுபடி ஏறுங்கள்.

புலி, ஆடு, புல்லுக்கட்டைப் படகில் அக்கரை சேர்க்கும் புதிர் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது தினசரி வாழ்க்கை. தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை, கையில் இரண்டு பை, கீழே படிக்கட்டு. குழந்தையைத் தூக்கினால் விழித்துவிடும். வண்டியை விட்டுவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பையை முதலில் மேலே வைத்துவிட்டு வரலாம் என்றால் குழந்தையைக் கீழே தனியாக விட முடியுமா? கடைசியில் இந்தப் புதிரைத் தீர்த்தது முதல் மாடியில் இருந்த ஓர் அம்மா. அவர்கள் வீட்டு வாசலோரம் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எனவே மாடி வீடு பார்க்கும்போது, படிக்கட்டுக்குக் கீழே வண்டியை வைத்துப் பூட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று மாடி ஒன்றரை மாடியாகக் குறைந்த மாதிரி.

பழைய வீடு நல்லதா, புதியதா?

குழந்தை விஷயத்தில் பழைய வீட்டில் நான் பார்ப்பது இரண்டு: பெயிண்ட், ஓதம்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடை செய்தது. பல நாடுகள் அதற்கு ரொம்பப் பிறகுதான் செய்தன. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். உதிர்ந்த பெயிண்ட் தூசி அந்த வழியில்தான் உள்ளே போகிறது. ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கெடாமல் இருக்கும் பழைய பெயிண்டைவிடச் சுரண்டித் தேய்க்கும்போது கிளம்பும் தூசிதான் அதிக ஆபத்து. எனவே பழைய வீட்டை எடுத்தால் சுரண்டல், இடித்தல் வேலை எல்லாவற்றையும் கருத்தரிக்கும் முன்பே முடித்து, துடைத்துக் கழுவிவிட்டுக் குடிபோங்கள். எட்டாவது மாதத்தில், “குழந்தை வருவதற்குள் அந்தச் சுவரை மட்டும் தேய்த்துவிடலாம்” என்று கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணி அந்த வீட்டில் இருக்கவே கூடாத சமயம் அது.

ஓதம் இன்னும் தந்திரமானது, ஏனென்றால் அதை மறைக்க முடியும். பெரிய வீட்டைப் பார்க்கப் போனபோது பின் அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட், அதுவும் இடுப்பளவு வரை. நான் சுவரோரம் குனிந்து கட்டைவிரலால் அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம் மாதிரி உடைந்து, உள்ளே ஈரச் சுண்ணாம்பு மாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. தரகர் சட்டென்று வெளியில் இருந்த மரத்தைக் காட்டி அதன் நிழலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் வருட வழிகாட்டி சொல்கிறது. அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போங்கள்.

புதிய வீட்டுக்கும் வாசம் உண்டு: புதுப் பெயிண்ட், பசை, பலகை. ஜன்னலைத் திறந்துபோட்டுச் சில வாரம் காற்றாடவிட்டுக் குடிபோனால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

பால்கனி, ஜன்னல், படி, தண்ணீர்த் தொட்டி: எவற்றையெல்லாம் சோதிப்பது?

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பிகளுக்கு நடுவே 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பந்து நுழையக் கூடாது என்பது பல நாட்டுக் கட்டட விதிகளில் இருக்கும் அளவு. குழந்தையின் உடம்பு அதில் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. உயரம் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. கம்பிகள் குறுக்கே போட்டிருந்தால் அது ஏணிதான், எவ்வளவு உயரம் இருந்தாலும் பயனில்லை. மூடியில்லாத தொட்டி, கிணறு, குளியலறை வாளி: சில அங்குல நீரே ஒரு சின்னக் குழந்தை மூழ்கப் போதும்.

ஆனால் இவற்றை வைத்து ஒரு வீட்டைத் தள்ளிவிடாதீர்கள். எல்லாம் வலை, கிரில், மூடி, கதவு போட்டுச் சரிசெய்யக்கூடியவை. நேரமும் இருக்கிறது: குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள். சரிசெய்யும் செலவை வீட்டு விலையோடு கூட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

சத்தமும் காற்றும்?

இவை டேப்பால் அளக்க முடியாதவை, காசு கொடுத்தும் முழுதாகச் சரிசெய்ய முடியாதவை. அதனால்தான் இவற்றுக்குக் கூடுதல் எடை. நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறைக்குள் தொடர்ந்த சத்தம் 30 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. காதோடு கிசுகிசுப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். இரவு பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். வேடிக்கை என்னவென்றால், குழந்தைகள் பலவும் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கும். தூங்க முடியாமல் புரளப்போவது நீங்கள்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கு, அதாவது பி.எம். 2.5 எனப்படுவதற்கு, அதே நிறுவனம் 2021இல் வருடச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பெரிய நகரங்கள் பலவற்றில் அது கனவு. இருந்தாலும் ஒரே ஊருக்குள் வித்தியாசம் உண்டு: பெரிய சாலை விளிம்பில் வாகனப் புகை அடர்த்தி, உள்ளே சில நூறு மீட்டர் தள்ளினால் நன்றாகவே குறைந்துவிடும். இரண்டு வீட்டில் ஒன்று நெடுஞ்சாலை மேலேயே இருந்தால், எனக்கு அது போதும், மற்றதை எடுத்துக்கொள்வேன்.

வங்கி தரத் தயாராக இருக்கும் கடன் முழுவதையும் வாங்கலாமா?

வேண்டாம். வங்கி பார்ப்பது உங்கள் இன்றைய இரண்டு சம்பளத்தை. குழந்தை பிறந்தால் சில மாதமாவது அதில் ஒன்று குறையலாம், சிலருக்கு நின்றே போகலாம். கூடவே காப்பகக் கட்டணம், மருத்துவச் செலவு.

தவணையைக் குறைக்க வருடத்தை நீட்டுவது ஒரு ஆசை. ஒரு லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதம் சுமார் 900 கட்ட வேண்டும், மொத்தம் 2 லட்சத்து 16 ஆயிரம். 30 வருடமாக்கினால் மாதத் தவணை சுமார் 805. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம். மாதம் 95 மிச்சம் பிடிக்கப்போய் 74 ஆயிரம் கூடுதலாகக் கட்டுகிறோம்.

நாங்கள் செய்த ஒரு காரியத்தை எல்லோரிடமும் சொல்கிறேன். வீடு வாங்கும் முன் ஆறு மாதம், வாடகை போக வரப்போகும் தவணைக்கு ஆகிற மீதித் தொகையைத் தனிக் கணக்கில் போட்டோம். அப்புறம் அதில் இரண்டு மாதம் என் சம்பளத்தைத் தொடவே இல்லை. முதல் மாதம் வீராப்பாக ஓடியது. இரண்டாவது மாதம் இருபதாம் தேதியே கை கடித்தது. பார்த்து வைத்திருந்த கடன் தொகையைக் குறைத்தோம்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீடு எடுக்கலாமா?

இன்னும் கருவாகாத குழந்தைக்குப் பள்ளி குறைந்தது நாலைந்து வருடம் தள்ளி. அதற்குள் பள்ளியும் மாறும், அதன் சேர்க்கை விதியும் மாறும், உங்கள் வேலையும் மாறும். இரண்டு வீடும் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால் மட்டும் இதைப் பாருங்கள்.

எனக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது, அவருக்கு இன்னொன்று. என்ன செய்வது?

1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று குழம்பி, நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஃபிராங்க்ளின், இதை எடு அதை எடு என்று சொல்லவில்லை. தாளின் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம் என்று மூன்று நான்கு நாள் தோன்றும்போதெல்லாம் எழுது, சம எடையுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவதைப் பார் என்று எழுதினார். நாங்களும் செய்தோம். மிஞ்சியது இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரி. என் பக்கம் “நேரம்”. அவர் பக்கம் “மண்”. அதற்கு மேல் ஃபிராங்க்ளினும் உதவவில்லை.

பிறகு ஒன்று செய்தோம். ஆளுக்கொரு தாளில், பேசிக்கொள்ளாமல், ஆறு மாதக் குழந்தையோடு ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்றுவரை மணிக்கு மணி எழுதினோம். பெரிய வீட்டுக்கு ஒரு தாள், சின்ன வீட்டுக்கு ஒரு தாள். யார் எழுந்திருக்கிறார், யார் காப்பகத்தில் விடுகிறார், யார் துணி துவைக்கிறார், பெயர் போட்டு எழுத வேண்டும் என்பதுதான் விதி.

அவருடைய பெரிய வீட்டுத் தாளில் மாலை ஆறரை மணி வரியில் “குழந்தை மண்ணில் விளையாடுகிறது” என்று இருந்தது. பக்கத்தில் பெயர் இல்லை. “அந்த நேரத்தில் நாம் இரண்டு பேரும் எங்கே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “வண்டியில்” என்றார். என் தாளிலும் ஓட்டை இருந்தது: மூன்று மாடி ஏறி இறங்குகிற எல்லா வரியிலும் அவர் பெயரையே போட்டிருந்தேன். அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது. வீட்டைப் பற்றிய சண்டை இல்லை அது, யார் எதைச் செய்யப்போகிறோம் என்பதைப் பற்றியது. பிரசவத்துக்கு முன்பே போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

முடிவு தப்பாகிவிட்டால்?

சார்லஸ் டார்வினும் எம்மாவும் 1842 செப்டம்பரில் லண்டனை விட்டு டவுன் (Down) என்ற பெயருள்ள கிராமத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். எம்மாவுக்கு அடுத்த குழந்தை பிறக்கச் சில நாட்களே இருந்தன (இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்). அந்த வீடு அசிங்கமாக இருக்கிறது என்று டார்வினே கடிதத்தில் எழுதியிருக்கிறார். சுற்றுப்புறமும் அமைதியும் பிடித்ததால் எடுத்தார்கள். பிறகு அறைகளைக் கூட்டிக் கட்டினார்கள். பிள்ளைகள் மாடிப்படியில் சறுக்கி விளையாட ஒரு மரப்பலகைகூட வைத்திருந்தார்கள். 1882இல் இறக்கும்வரை நாற்பது வருடம் டார்வின் அங்கேதான் இருந்தார். வீட்டின் முகத்தை மாற்றிக்கொள்ளலாம், அது இருக்கும் இடத்தை மாற்ற முடியாது என்ற கணக்கு அவர்களுக்குச் சரியாக வந்தது. உங்களுக்கு வராமலும் போகலாம். அப்போது விற்கலாம், வாடகைக்கு விட்டுவிட்டு மாறலாம். கொஞ்சம் காசு போகும். அதனால்தான் கடனைக் குறைத்து வாங்கச் சொன்னேன்.

நீங்கள் எதை எடுத்தீர்கள்?

சின்னதை. ஆகவே நான் சொன்ன எல்லாவற்றிலும் அந்தப் பக்கச் சாய்வு கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறக்க ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அந்தச் சிறு இடத்தில் முதல் நாலு மாதம் அம்மா படுத்தார்கள், அப்புறம் தொட்டில், அப்புறம் ஒரு குட்டிக் கட்டில். மண் இல்லாத குறை உண்மைதான். வாரம் இரண்டு முறை பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், மூன்று மாடியும் இறங்கி. இப்போது மகளுக்கு ஐந்து வயது, கட்டிலுக்கு வெளியே கால் நீட்டத் தொடங்கிவிட்டாள், மறுபடி வீடு பார்க்கிறோம். போன வாரம் பார்த்த வீட்டில் நான் அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தபோது, அவள் பக்கத்து அலமாரிக்குள் முழுசாகவே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.